மரக்கறிகளைப் போத்தலில் பாதுகாத்தல்: இத்தாலிய ஜார்தினியேரா முறையும் கவனிக்க வேண்டிய விதிகளும்

கோடையின் இறுதியில் அலொட்மென்ட் தோட்டங்களில் பயிரிடும் குடும்பங்களிடம் உண்டு முடிக்க இயலாத அளவு மரக்கறிகள் சேர்ந்துவிடுவது வழக்கம். சந்தைகளிலும் அக்காலத்தில் பூக்கோவா, கரட், குடைமிளகாய் ஆகியவை மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றை வீணாக்காமல் குளிர்காலம் வரை வைத்துப் பயன்படுத்த விரும்புவோருக்கு ஜார்தினியேரா என்னும் இத்தாலியக் கலவை மரக்கறிப் பதனம் ஏற்றதொரு வழியாகும். அதன் செய்முறையையும், முறை தவறினால் நேரக்கூடிய ஆபத்தையும், பிறருக்கு விற்க எண்ணுவோர் கடைப்பிடிக்க வேண்டிய சட்ட விதிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

ஜார்தினியேராவும் அச்சாறும்

இத்தாலிய மொழியில் ஜார்தினோ என்பது தோட்டம். ஜார்தினியேரா என்றால் தோட்டக்காரி என்று பொருள்படும். தோட்டத்தில் உள்ளவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் செய்யும் உணவு என்பதை இப்பெயரே உணர்த்துகிறது. இலண்டனில் இத்தாலியர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். கிளார்க்கன்வெல் பகுதியில் உள்ள புனித பேதுரு இத்தாலியத் தேவாலயம் 1863ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இத்தாலிய உணவுக் கடைகளில் பல நிற மரக்கறிகள் நிறைந்த இப்போத்தல்களை இன்றும் காணலாம்.

இலங்கையிலிருந்து வந்தோருக்கு இவ்வுணவு முற்றிலும் புதியதன்று. மலாயர் வழிவந்த அச்சாறு இதன் நெருங்கிய உறவு எனலாம். கரட், போஞ்சி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றை வினாகிரியில் இட்டு, கடுகை அரைத்துச் சேர்ப்பது அச்சாறு. ஜார்தினியேராவில் கடுகு அரைக்கப்படாமல் முழுதாக இருக்கும்; பேரீச்சம்பழத்தின் இனிப்புக்குப் பதிலாகச் சிறிதளவு சீனி சேரும். இரண்டையும் கெடாமல் காப்பது வினாகிரியின் புளிப்பே. இப்பாடத்தின் மையக் கருத்தும் அதுவே.

புளிப்பு ஏன் இன்றியமையாதது

மண்ணில் இயல்பாக வாழும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர், தனக்கு ஒவ்வாத சூழலில் வித்திகளாக உறங்கிக் கிடக்கும். மண்ணோடு தொடர்புடைய எந்த மரக்கறியிலும் அவ்வித்திகள் இருக்கக்கூடும். காற்றுப் படும் நிலையில் அவை தீங்கு செய்வதில்லை. ஆனால் காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடத்தில், சாதாரண அறை வெப்பநிலையில் வைக்கப்பட்டால் அவை முளைத்துப் பெருகி, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நச்சை உருவாக்கும். அந்நச்சினால் ஏற்படும் நோய் பொட்டுலிசம் எனப்படுகிறது. இறுக மூடிய போத்தலின் உட்புறம் காற்றில்லாத இடம் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

கொதிக்கும் நீரின் வெப்பம், அதாவது 100 பாகை செல்சியஸ், இவ்வித்திகளை அழிப்பதற்குப் போதாது. தொழிற்சாலைகளில் உயர் அழுத்தத்தின் கீழ் 121 பாகை வெப்பம் பயன்படுத்தப்படுவது இதனாலேயே. வீட்டில் அதற்கு ஈடான பாதுகாப்பைத் தருவது அமிலத்தன்மை ஆகும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழ் இருக்குமாயின் இவ்வித்திகள் முளைப்பதில்லை. அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும். ஆகவே வீட்டுப் பதனத்தில் அது 4க்கும் கீழ் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நன்று.

ஊரில் எவ்வித அளவுகோலுமின்றி ஊறுகாய் போட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தோமே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. விடையும் அந்த ஊறுகாயிலேயே இருக்கிறது. எலுமிச்சை, மாங்காய், புளி ஆகியவை தம் இயல்பிலேயே புளிப்பானவை. யாழ்ப்பாணத்தில் எலுமிச்சையைப் பிளந்து, நிறைய உப்பிட்டு, பல நாள் கடும் வெயிலில் உலர்த்துவர். புளிப்பு, உப்பு, வெயிலில் உலர்தல் ஆகிய மூன்று காவல்கள் அங்கு ஒன்றுசேர்ந்தன. பூக்கோவா, கரட், போஞ்சி, பூண்டு, குடைமிளகாய் ஆகியவற்றுக்கோ இயல்பான புளிப்பு மிகக் குறைவு. இலண்டனின் சாளர ஓரத்து வெயில் அவற்றை உலர்த்தவும் போதாது. எனவே புளிப்பை வினாகிரி மூலம் வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

எண்ணெய் காவல் அன்று

மேலே எண்ணெய் நின்றால் ஊறுகாய் கெடாது என்பது பரவலான நம்பிக்கை. எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் பூஞ்சணத்துக்குக் காற்றை மறைக்கும் அதே எண்ணெய், பொட்டுலிச நுண்ணுயிருக்குத் தேவையான காற்றற்ற சூழலை அமைத்துக் கொடுக்கிறது. எண்ணெயில் புளிப்பு இல்லை. ஆதலால் புளிப்பேற்றாத மரக்கறியை எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பநிலையில் வைப்பது ஆபத்தானது.

1985ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில், எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிரூட்டாமல் வைத்துப் பயன்படுத்தியதால் 36 பேர் பொட்டுலிசத்துக்கு ஆளாயினர். இந்நாட்டிலும் 1922ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஸ்கொட்லாந்தின் லோக் மரீ ஏரியருகே தங்கியிருந்தோரில் எட்டுப் பேர், கலத்தில் அடைக்கப்பட்ட வாத்திறைச்சிப் பசையை உண்டு உயிரிழந்தனர். இந்நோய் அரிதானது; ஆயினும் நேர்ந்தால் உயிரையே பறிக்கக்கூடியது.

இத்தாலியர் மரக்கறிப் பதனங்களை வினாகிரியின் கீழ், எண்ணெயின் கீழ் என இரு வகையாகப் பிரிப்பர். இங்கு கற்பிக்கப்படுவது முதல் வகையே. ஒலிவ் எண்ணெயின் சுவை வேண்டுவோர் பரிமாறும் வேளையில் அதைத் தெளித்துக்கொள்ளலாம். போத்தலில் அடைக்கும்போது சேர்க்க வேண்டாம். வீட்டில் பூண்டை எண்ணெயில் இட்டு வைக்கும் வழக்கமுடையோர் அவ்வப்போது தேவையான அளவு மட்டும் தயாரித்து உடனே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

தேவையான பொருட்கள்

கீழ்க்காணும் அளவு, 500 மில்லிலீற்றர் கொள்ளும் ஏறத்தாழ ஐந்து போத்தல்களுக்குப் போதுமானது. மரக்கறிகளின் எடை, தோல் நீக்கி நறுக்கிய பின்னர் உள்ள எடையாகும்.

பூக்கோவா: 400 கிராம்
கரட்: 300 கிராம்
சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய்: 300 கிராம்
செலரித் தண்டு: 200 கிராம்
தோலுரித்த சின்ன வெங்காயம்: 200 கிராம்
போஞ்சி: 100 கிராம்
வெள்ளை வைன் வினாகிரி: 1 லீற்றர்
நீர்: 500 மில்லிலீற்றர்
சீனி: 75 கிராம்
உப்பு: 40 கிராம்
முழுக் கடுகு: 2 தேக்கரண்டி
முழு மிளகு: 1 தேக்கரண்டி
பே இலை: 4
கராம்பு: 4

வினாகிரிப் போத்தலின் சுட்டியில் அமிலத்தன்மை எத்தனை சதவீதம் என்று அச்சிடப்பட்டிருக்கும். அது 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும். அதைவிடக் குறைந்த வினாகிரியும் கடைகளில் விற்கப்படுவதால் வாங்குமுன் வாசித்துப் பார்க்கவும். சதவீதம் குறிக்கப்படாத வினாகிரியையும், வீட்டில் தயாரித்த வினாகிரியையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மதக் காரணத்தால் வைன் வினாகிரியைத் தவிர்ப்போர் அதே அமிலத்தன்மையுள்ள வேறு வினாகிரியைப் பயன்படுத்தலாம்.

சுவைக்கேற்பச் சீனியையோ மிளகையோ கூட்டிக் குறைக்கலாம். பச்சை மிளகாய் சேர்ப்பின் அந்த அளவுக்கு வேறொரு மரக்கறியைக் குறைக்கவும். உலர்ந்த மஞ்சள்தூள் சிறிது சேர்ப்பதால் தீங்கில்லை. ஆனால் வினாகிரியைக் குறைப்பதும், நீரையோ மரக்கறியையோ கூட்டுவதும் ஆகாது. புளிப்பு அதிகமெனத் தோன்றினால் உண்ணும் வேளையில் மரக்கறியை அலசிக்கொள்ளலாம்.

செய்முறை

1. போத்தல்களைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்கு அலசி, 140 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அவனில் 15 நிமிடம் வைக்கவும். விரிசலோ விளிம்பில் சிதைவோ உள்ள போத்தல்களை விலக்கவும். இயன்றவரை புதிய மூடிகளைப் பயன்படுத்தவும். துருப்பிடித்தவையும் வளைந்தவையும் காற்றை உள்ளே விடும். மூடிகளைத் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலின்படி சுத்தம் செய்யவும்.

2. மரக்கறிகளை ஓடும் நீரில் மண் முற்றாக நீங்கும்வரை கழுவவும். அலொட்மென்டிலிருந்து கொண்டுவந்தவற்றுக்கு இது மிகவும் முக்கியம். அழுகிய, நைந்த பகுதிகளை வெட்டி அகற்றவும்.

3. ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மிகாமல் சீராக நறுக்கவும். பூக்கோவாவைச் சிறு பூங்கொத்துகளாகப் பிரிக்கவும். துண்டு பெரிதாயின் புளிப்பு அதன் நடுப்பகுதியைச் சென்றடைய நெடுநேரம் எடுக்கும்.

4. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் வினாகிரி, நீர், சீனி, உப்பு, வாசனைப் பொருட்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிடவும். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களுடன் வினாகிரி வினைபுரியும் ஆகையால் அவற்றைத் தவிர்க்கவும். வினாகிரி ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். சாளரத்தைத் திறந்து வைக்கவும்.

5. கொதிக்கும் கரைசலில் முதலில் வெங்காயத்தையும் கரட்டையும் இட்டு மூன்று நிமிடம் வேகவிடவும். பின்னர் பூக்கோவா, போஞ்சி, செலரி ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு நிமிடம் விடவும். இறுதியாகக் குடைமிளகாயைச் சேர்த்து ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைக்கவும். மரக்கறி கடித்தால் நறுக்கென்றிருக்க வேண்டும், குழையலாகாது.

6. துளைக்கரண்டியால் மரக்கறிகளைச் சூடான போத்தல்களில் நிரப்பி, அவை முற்றாக மூழ்குமாறு சூடான கரைசலை ஊற்றவும். விளிம்புக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விடவும். சுத்தமான குச்சியால் மெல்லக் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிய பின், விளிம்பைத் துடைத்து மூடவும்.

7. ஆழமான பாத்திரத்தின் அடியில் துணியை விரித்து, போத்தல்களை ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்தவும். மூடிக்கு மேல் இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சுடுநீர் நிற்க வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் கணக்கிடவும். இக்கொதிப்பு பூஞ்சணத்தையும் நொதியத்தையும் அழித்து மூடியை இறுகச் செய்யும்; புளிப்புக்கு இது மாற்றீடு அன்று.

8. போத்தல்களை வெளியே எடுத்துத் துணியின் மேல் வைத்து, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் ஆறவிடவும். குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

சேமிப்பும் சோதனையும்

ஆறிய பின், தட்டையான உலோக மூடியின் நடுப்பகுதி உட்குழிந்து, விரலால் அழுத்தும்போது அசையாமல் இருத்தல் வேண்டும். சரியாக மூடாத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் உண்டு முடிக்கவும். ஏனையவற்றில் தயாரித்த நாளை எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் சுவை நன்கு ஊறியிருக்கும். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது உகந்தது. திறந்த பின்னர் 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைந்த குளிரில் வைத்து, நான்கு வாரத்துக்குள் முடிக்கவும். எடுக்கும்போது ஈரமற்ற சுத்தமான கரண்டியையே பயன்படுத்தவும்.

புளிப்பில் பூக்கோவா இளஞ்சிவப்பாக மாறுவது இயல்பு, அதனால் தீங்கில்லை. மாறாக, மூடி உப்பியிருந்தாலோ, திறக்கையில் நுரைத்துப் பொங்கினாலோ, பூஞ்சணம் தென்பட்டாலோ, கரைசல் கசிந்திருந்தாலோ அப்போத்தலை முழுமையாக அப்புறப்படுத்தவும். கெட்டுவிட்டதா என்று நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கு அறவே விட்டுவிட வேண்டும். பொட்டுலிச நச்சுக்கு மணமோ சுவையோ இல்லை. மிகச் சிறிய அளவும் நோயை உண்டாக்கும். சரியான அளவில் தயாரித்தோமா என்ற ஐயம் இருப்பின், தோற்றம் நன்றாக இருந்தாலும் உண்ண வேண்டாம்.

நோய் அறிகுறிகள்

பொட்டுலிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துள் தோன்றும். சில வேளைகளில் பல நாட்கள் கழித்தும் தோன்றலாம். கண்ணிமை தொங்குதல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், நா குழறுதல், விழுங்க இயலாமை, முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவும் தளர்ச்சி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. காய்ச்சல் பொதுவாக இராது. மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும் என்பதால், இவ்வறிகுறிகள் தென்பட்டால் காத்திருக்காமல் 999 எண்ணை அழைக்கவும். நச்சு முறிமருந்து எவ்வளவு விரைவாகக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நன்மை உண்டு. என்ன உண்டார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூறவும். எஞ்சிய உணவை எறிந்துவிடாமல், பிறர் தொடாதவாறு மூடி வைக்கவும். அவசரமற்ற ஆலோசனைக்கு 111 எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம்.

பிறருக்கு விற்பதாயின்

தம் குடும்பத்துக்காகத் தயாரிப்போருக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் ஒருவர் தொடர்ச்சியாகத் தயாரித்து விற்கத் தொடங்கினால், அது வீட்டுச் சமையலறையாக இருப்பினும், விற்பனை வாட்ஸ்அப் குழுவினூடாக மட்டுமே நடப்பினும், சட்டத்தின் பார்வையில் அவர் உணவு வணிகம் நடத்துபவர் ஆவார். வணிகம் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னர் உள்ளூராட்சி சபையில் பதிவு செய்தல் வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. அது மறுக்கப்படுவதும் இல்லை. ஆலய விழாவிலோ பாடசாலை நிகழ்விலோ எப்போதாவது ஒரு முறை சிறிய அளவில் உணவு வழங்குவோருக்குப் பொதுவாகப் பதிவு தேவைப்படாது. எனினும் வழங்கப்படும் உணவு பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். எது எப்போதாவது, எது தொடர்ச்சி என்பதில் ஐயமிருப்பின் சபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டறியவும்.

ஒவ்வாமையை உண்டாக்கும் 14 பொருட்களைப் பற்றிய தகவலை வாங்குவோருக்கு வழங்குவது கட்டாயம். ஜார்தினியேராவில் அவற்றுள் செலரியும் கடுகும் உள்ளன. வைன் வினாகிரியில் சல்பைற்று இருக்கக்கூடும். ஒரு கிலோகிராமுக்கு அல்லது லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அதையும் குறிப்பிட வேண்டும். மோல்ட் வினாகிரியைப் பயன்படுத்தினால் அது பார்லியிலிருந்து பெறப்படுவதால் பார்லியும் பட்டியலில் இடம்பெற வேண்டும். முன்கூட்டியே அடைத்து, அடைத்த இடத்திலேயே நேரடியாக விற்கப்படும் உணவில் உணவின் பெயரும் உட்பொருட்களின் முழுப் பட்டியலும் இருத்தல் வேண்டும். ஒவ்வாமைப் பொருட்கள் அதில் தனித்துத் தெரிய வேண்டும். எள் கலந்திருப்பது சுட்டியில் குறிக்கப்படாத உணவை உண்டு 2016ஆம் ஆண்டு உயிரிழந்த நட்டாஷா எட்னன்-லாப்பரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமியின் பெயரால் வழங்கும் இவ்விதி, 2021 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொலைபேசி அல்லது இணையம் வழியாக விற்போர், வாங்குமுன் ஒரு முறையும் பொருளைக் கையளிக்கும்போது ஒரு முறையும் ஒவ்வாமைத் தகவலை அளித்தல் வேண்டும்.

சட்டத்தின்படி, உடல்நலத்துக்குத் தீங்கான உணவை விற்பது குற்றம். நீண்ட நாள் வைக்கத்தக்க போத்தல் உணவுகளை விற்க விரும்புவோர், அவற்றின் பி.எச். அளவை எவ்வாறு சோதித்துப் பதிவு செய்வது என்பதைச் சபை அலுவலரிடம் கலந்தாலோசித்த பின்னரே விற்பனையைத் தொடங்குவது நல்லது.

மீட்டல் வினாக்கள்

எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருப்பதால், அதே முறையில் பூண்டையும் எண்ணெயில் இட்டு அலமாரியில் வைக்கலாமா?
வைக்கலாகாது. எலுமிச்சைக்கு இயல்பான புளிப்பு உண்டு, பூண்டுக்கு இல்லை. எண்ணெய் புளிப்பைத் தராது.

புளிப்பு அதிகமென்பதால் வினாகிரியும் நீரும் சம அளவாகச் சேர்த்து, நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் போதுமா?
போதாது. பொட்டுலிச வித்திகள் கொதிநீரில் அழிவதில்லை. இச்செய்முறையின் அளவுகளை மாற்றாமல், உண்ணும்போது அலசிக்கொள்ளவும்.

மூடி உப்பிய போத்தலில் கெட்ட மணம் இல்லையென்றால் உண்ணலாமா?
உண்ணலாகாது. நச்சுக்கு மணமில்லை. சுவைத்துப் பாராமல் அப்புறப்படுத்தவும்.

உறவினருக்கு அன்பளிப்பாக ஒரு போத்தல் கொடுப்பதற்குப் பதிவு வேண்டுமா?
வேண்டியதில்லை. ஆயினும் தயாரித்த நாளையும், செலரி, கடுகு ஆகியவை உள்ளன என்பதையும், திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டிக் கொடுக்கவும். பெறுபவர் அதை எப்படி வைப்பார், வீட்டில் யாருக்கு எது ஒவ்வாது என்பது கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.